கோப்பில் விட்டுப்போன ஒரு வரி

ஹட்டன்

அன்புள்ள ராஜூ,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே மழைக்குத் துணி காயவில்லை. அமெரிக்க எல்லையில் பிடிபடும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய், அங்கே சட்டமே இல்லையா என்று. இருக்கிறது மச்சான், எழுத்தில் நல்ல சட்டம்தான். கோளாறு படிவத்தில்.

தனியாக வந்த பிள்ளையை எல்லைக் காவலர் 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையின் அகதிகள் அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். இது 2008ஆம் ஆண்டுச் சட்டம். அங்கிருந்து தாய், தகப்பன், இல்லாவிட்டால் மாமன், சித்தி என்று பொறுப்பேற்க வருபவரிடம் போகும். அவர் பிறப்புச் சான்றிதழ் காட்டி, விரல் ரேகை வைக்க வேண்டும். 2018இல் அந்த ரேகை விபரத்தைக் குடிவரவு அதிகாரிகளோடும் பகிர ஒப்பந்தம் செய்தார்கள். விசா இல்லாத மாமன் பயந்து ஒதுங்கினான். பிள்ளைகள் உள்ளேயே தேங்கினார்கள். டெக்சாஸ் பாலைவனத்தில் டொர்னில்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டு வைத்தார்கள், 2019 ஜனவரியில்தான் மூடினார்கள்.

எல்லை நிலையங்களோ ஆட்களைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கக் கட்டியவை. சிமெந்துத் தரை, அணையாத விளக்கு, திரும்பிப் படுத்தால் சரசரக்கும் வெள்ளித்தாள் போர்வை. உள்ளே இருந்தவர்கள் வைத்த பெயர் 'ஹியெலேரா', ஐஸ்பெட்டி. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் சுத்தமும் வேண்டும் என்று காவலில் உள்ள பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் ஏற்பட்ட 1997ஆம் ஆண்டு புளோரஸ் உடன்படிக்கை சொல்கிறது. சவர்க்காரமும் பல் பிரஷும் அதில் கட்டாயம் அடங்குமா என்று 2019இல் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வாதாடியது! அடங்கும் என்றது நீதிமன்றம்.

தாய் தகப்பனையும் பிள்ளையையும் 2018இல் பிரித்த கதைதான் நீ முக்கியமாகக் கேட்டது. எல்லை தாண்டியதற்குக் குற்ற வழக்குப் போட்டுத் தகப்பனைச் சிறைக்கு அனுப்பினார்கள். பெரியவர் சிறையில் பிள்ளையை வைக்க முடியாது. ஆகவே கைபிடித்து வந்த பிள்ளை, காகிதத்தில் 'தனியாக வந்தது' என்று மாறியது. தகப்பன் ஒரு துறையில், பிள்ளை இன்னொரு துறையில். இவன் பிள்ளை இது என்று சொல்லும் பொதுவான பதிவேடு கிடையாது. கையால் தட்டிய விபரத்தை மின்னஞ்சலில் மாற்றிக் கொண்டார்கள். அந்த ஜூன் 26ஆம் திகதி நீதிபதி டேனா சப்ரோ, ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் சேர்க்கச் சொன்னார். கைதியின் காசு, ஆவணம் போன்ற உடைமைக்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கும் அரசு, பிள்ளைக்கு அப்படி வைக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார். அதற்குள் 400க்கும் மேற்பட்ட பெற்றோர் பிள்ளை இல்லாமலே நாடு கடத்தப்பட்டிருந்தார்கள்.

பிரிக்கத் திட்டம் போட்டவர்களுக்குத் திருப்பிச் சேர்க்கத் திட்டமே இல்லை. அதை மறதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில்கூட ஆள் பெயர் தவறாமல் விழும் அல்லவா?

நம் மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை இதோடு நீ ஒப்பிட்டாய். பாதிதான் சரி. 1964இல் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனதும், தலைமன்னார் போகும் ரயிலுக்கு, கோச்சிக்கு, 'அழுகைக் கோச்சி' என்று பெயர் விழுந்ததும் உனக்குத் தெரிந்ததே. ஆனால் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் தாய் தகப்பனின் பத்திரத்தோடுதான் போனார்கள். அமெரிக்காவில் அறுத்தது அந்த இழையைத்தான்.

மொழி விஷயத்தில் ஒப்பீடு இன்னும் பொருந்தும். 2018 டிசம்பரில் குவாத்தமாலாச் சிறுமி ஒருத்தி காவலில் இருந்தபோது நோய்வாய்ப்பட்டு இறந்தாள். தகப்பன் பேசுவது கெக்சி என்ற மாயா மொழி. அவர் கையெழுத்திட்ட படிவம் ஆங்கிலம், வாயால் சொல்லிக் காட்டியது ஸ்பானிஷ். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்து வைக்கும் நம் ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

வெளியே வந்த பிறகும் கண்ணி உண்டு. குடிவரவு நீதிமன்றத்தில் பிள்ளைக்கு அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை கிடையாது. வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்துக்கு விலாசம் கொடுக்க வேண்டும். விட்டால் அழைப்பு பழைய விலாசத்துக்குப் போகும், பிள்ளை வராத அன்றே நாடுகடத்தும் உத்தரவு விழலாம். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவைப் பற்றி யாராவது உன்னிடம் கேட்டால், முதலில் விலாசத்தைக் கேள். வழக்கு இலக்கத்தையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இங்கே ஒருவர் கையில் வைத்திருக்கச் சொல்.

மீனாவுக்கு என் அன்பைச் சொல். அடுத்த கடிதத்தில் நம் நாட்டு மிரிஹான குடிவரவுத் தடுப்பு முகாம் பற்றி எழுதுகிறேன்.

உன்,
சிவா