முதலில் நிறுத்து, அப்புறம் யோசி

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா எழுந்து வந்து என்னவென்று கேட்டாள். "பிள்ளை களைத்துப் போயிருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று பார்த்தால் நாலு வரிக்கு மேல் வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரத்தைக் கடத்தும் ஏவி நோடுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு மெதுவான பாதை உள்ள நோயாளி. மின்சாரம் ஒரு வழியில் இறங்கி மறு வழியில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருப்பதால் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. தொடை வழியாகக் கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு டாக்டர் அந்தப் பாதையைச் சுடுகிறார். சூடு 50 டிகிரியைத் தாண்டினால் அந்த இடத்துத் தசை செத்துவிடும். ஆனால் நல்ல பாதையும் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதுவும் வெந்துபோனால் அந்த மனிதருக்கு ஆயுசுக்கும் பேஸ்மேக்கர். சுடும்போது ஏவி நோடு பக்கத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு துடிப்பும் மேலறைக்குத் திரும்பிப் போகிறதா என்று திரையில் பார்க்க வேண்டியது நீ. ஒரு துடிப்பு போகவில்லை. நீ பார்த்தாய். நிறுத்தும் பட்டன் உன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒயர் நகர்ந்திருக்குமோ என்று இரண்டு நொடி யோசித்தாய். அதற்குள் டாக்டரே கவனித்து நிறுத்தச் சொல்லிவிட்டார். நோயாளி நன்றாக இருக்கிறார், பாதையும் தப்பித்தது.

இதற்காக இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு ஈசிஜி அறைக்கே திரும்பிப் போகிறேன் என்கிறாய்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1994இல் நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் டெஸ்ட் லைனில் வேலை செய்தேன். நைட் ஷிஃப்ட். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் போர்டு போர்டாகப் பார்த்துத் தள்ள வேண்டும். ஒரு ராத்திரி, சில போர்டுகளில் அலையின் ஓரத்தில் ஊசி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. புரோபின் கிரவுண்ட் கிளிப் தளர்ந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் 15 வருஷம் அனுபவமுள்ளவர். அவரிடம் போய் நின்று, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் என்ன நினைப்பார் என்ற கூச்சம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்த லாட் முழுவதும் திரும்பி வந்தது. அவர் திட்டவில்லை. "நீ பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்று போனது வெறும் போர்டு. அதனால்தான் உன் இரண்டு நொடியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே காரணத்தால், நீ இந்த வேலையை விடுவதற்கும் ஒப்ப மாட்டேன்.

நீ தயங்கியது பயத்தால் மட்டும் இல்லை, பாப்பா. எது சிக்னல், எது கருவி சொல்லும் பொய் என்று உனக்கு இன்னும் உறுதிப்படவில்லை. அது படித்தால் வரும். போன தீபாவளிக்கு நீ காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டிய இதயத்தின் மின்பாதைப் படம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. ஏவி நோடிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் ஹிஸ் கட்டு இருப்பது 1893இலேயே தெரியும். ஏவி நோடை 1906இல் சுனாவோ தவாரா என்ற ஜப்பான்காரர் விவரித்துவிட்டார். அப்படியும், கேத்தீட்டர் வைத்து ஹிஸ் சிக்னலை ஒழுங்காகப் பதிவு செய்யும் முறை 1969இல்தான் வந்தது என்று அன்று நீ சொன்னாய். அவ்வளவு சின்ன சிக்னல். எட்டு மாதப் பயிற்சியில் உன் கண் அதற்குப் பழகிவிட வேண்டும் என்று யார் சொன்னது?

என் தொழிலிலிருந்து உனக்குத் தர என்னிடம் ஒன்று உண்டு. நம் சுவரில் வரும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதாவது ஓர் அலைக்கு 20 மில்லிசெகண்ட். நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் உங்கள் டிரேசிங்கில் அது 2 மில்லிமீட்டருக்கு ஒரு பல்லாக, சீப்பு மாதிரி வரும். அப்படி ஒரே சீராக வந்தால் அது சுவர், இதயம் இல்லை. ஒயர் நகர்ந்தால் அந்த ஒரு சேனல்தான் கெடும். கொரோனரி சைனஸ் என்ற இதயச் சிரையில் வைக்கும் கேத்தீட்டரில் 10 முனை, 5 ஜோடி என்று நீதானே சொன்னாய்? ஐந்திலும் கீழறை சிக்னல் அப்படியே இருந்து, மேலறை சிக்னல் மட்டும் ஒரே சமயத்தில் காணாமல் போனால், அதற்கு ஒயரைக் குறை சொல்ல முடியாது. பழைய டிரேசிங்குகளை எடுத்துவைத்து இதைத் தேடித் தேடிப் பார். ஹிஸ் சிக்னலிலிருந்து கீழறை சிக்னல் வரையுள்ள ஹெச்வி இடைவெளியைக் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன் நீயே அளந்து பார். 35இலிருந்து 55 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டியது 70 என்று வந்தால், எண்ணைப் படிப்பதற்கு முன் கண்ணுக்கே உறுத்த வேண்டும்.

ஆனால் சுடும் நேரத்தில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். சந்தேகமா, நிறுத்து. "ஆஃப்" என்று சத்தமாகச் சொல். தப்பாக நிறுத்தினால் திரும்பவும் ஆரம்பிக்கலாம், ஒரு நிமிஷம்தான் போகும். நாளைக்கே அந்த டாக்டரிடம் போய், "அடுத்த முறை சந்தேகம் வந்தால் கேட்காமலே நிறுத்திவிடுவேன், சரியா?" என்று கேட்டுவிடு. கேஸ் நடுவில் அனுமதி கேட்க முடியாது. முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்.

அப்புறம், உள்ளே போகும்போது ஈய ஏப்ரனோடு கழுத்துப் பட்டையையும் போடு. கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை லாக்கரில் விட்டுவிட்டுப் போகாதே. ஐபிஹெச்ஆர்இ என்ற இதயத் துடிப்புத் துறைப் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய தேதியை எழுதி அனுப்பு, நான் போட்டுவிடுகிறேன். அதற்காக நீ ஓவர்டைம் பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறாய் அல்லவா? பட்டர்வொர்த் ஸ்டேஷனில் நிற்பேன். காலண்டர் படத்தில் அந்த மெதுவான பாதை எங்கே வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. சிவப்பு பேனா எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வரைந்து காட்டு.

அன்புடன்,
அப்பா