அந்த எட்டுக்கால் பூச்சியை விட்டுவிடு, கோமதி

செம்பூர், மும்பை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் நேற்று வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. என் கால் இன்னும் அப்படியேதான். சேடா நகர் முருகன் கோயிலில் 108 படி ஏறி மூன்று மாதம் ஆகிறது. கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி, வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது, மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அடிக்காதே. அது முட்டைப் பை. போன ஆடியில் எங்கள் வீட்டிலும் ஒன்று வாளிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. கோட்டுப் பொத்தான் மாதிரி தட்டையான பை. தண்ணீர் தெறித்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நாலடி நகரும், பையை மட்டும் விடவே விடாது. தினமும் குளிக்கப் போகும்போது முதலில் அதைத்தான் தேடுவேன்.

இந்த வகை வலை கட்டாது. இரவில் அலைந்து கரப்பானைப் பிடித்துத் தின்னும். கையால் அமுக்கினால் கடிக்கும், வலிக்கும், ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது.

விஷம் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள் என்றாயே, இங்கே நடந்ததைக் கேள். மழைக்காலத்தில் பேரன் கழுத்தில் சூடு இழுத்த மாதிரி கோடாகக் கொப்புளம். எட்டுக்கால் பூச்சி ஊர்ந்த தடம் என்றார்கள் எல்லாரும். அக்கிதான், செம்மண் குழைத்து எழுத வேளார் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று பெரியம்மா ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்டாள். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது ஒரு சின்ன வண்டின் வேலை என்றார். எறும்பு மாதிரி ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாக இருக்குமாம். மழை நாளில் டியூப்லைட்டுக்கு வரும். அது கடிப்பதில்லை. நாம் தட்டி நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்டுத் தோல் வெந்துவிடும், ஒரு நாள் கழித்துத்தான் கொப்புளம் தெரியும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளு. நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு. இத்தனை வருஷமாக எத்தனை சிலந்தியை இந்தப் பழிக்காகத் துடைப்பத்தால் அடித்திருக்கிறோம், நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

மருந்து அடித்த அனுபவமும் எனக்கு உண்டு. இரண்டு வருஷம் முன்னால் ஆள் கூப்பிட்டு வீடு முழுக்க அடித்தோம். சிலந்தி, பல்லி எல்லாம் செத்து விழுந்தன. மூன்றே வாரத்தில் அடுப்பு மேடைக்கு அடியில் கரப்பான் குஞ்சுகள்! அந்தச் சின்னக் கரப்பானின் ஒரு கூட்டில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். கூட்டின் மேலோட்டைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. பொரித்து வந்தவற்றைப் பிடிக்க வீட்டில் ஒரு சிலந்திகூட மிச்சமில்லை.

அப்புறம் கரப்பானுக்கு வைக்கும் ஜெல் மருந்துக்கு மாறினோம். அலமாரிக் கீல் ஓரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், சிங்க் அடியில் அரிசிமணி அளவுக்குப் பொட்டு வை. தின்ற கரப்பான் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். பக்கத்தில் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதே, அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஃப்ரிட்ஜை நகர்த்தும்போது பின்தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடு. டெங்குக் கொசுவுக்கு அது போதும்.

ஒட்டடை அடிக்கவே கூடாதா என்று கேட்பாய். அடி, ஆனால் சிலந்தி இல்லாத வெறும் வலையை மட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே தாணே மாவட்டத்தில் கிடைத்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு 2021இல் 'ஐசியஸ் துகாராமி' என்று பெயர் வைத்தார்கள். 2008 தாக்குதலில் கசாபின் துப்பாக்கியைப் பிடித்த பிடி விடாமல் குண்டுகளை வாங்கிக்கொண்டு உயிர்விட்டாரே, போலீஸ்காரர் துகாராம் ஓம்ப்ளே, அவர் நினைவாக. அதைப் படித்த அன்று நான் அழுதுவிட்டேன்.

உன் குளியலறைச் சிலந்தியைப் பார்க்கவே பயமாக இருந்தால் அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டையை மெல்லச் செருகி, கொல்லையில் வாழை மூட்டில் விடு. பையோடு சேர்த்து எடுக்க வேண்டும், அவசரப்படாதே. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறோம். அதற்குள் குஞ்சு வெளியே வந்துவிட்டால் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பார்வதி