அடுக்குமாடிக்கு முன்னால் தெரு: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

குழுமத்தின் உறுப்பினர்-செயலர் அவர்களுக்கும் திட்டப் பிரிவினருக்கும் வணக்கம்.

2008-ல் வந்த, சென்னைப் பெருநகரத்துக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புறநகர்களை அடர்த்தியான மையங்களாக வளர்க்கும் யோசனையும் கூடவே வருகிறது. தாம்பரத்தில் குடியிருக்கும் நான் இதற்கு எதிரி இல்லை. ஊர் செங்கல்பட்டு வரை தரையோடு தரையாகப் படர்ந்துகொண்டே போவதைவிட, நாலைந்து இடங்களில் நெருக்கமாக வளர்வது நல்லதுதான். எந்த இடத்தில், எதற்கு அப்புறம் எது என்பதில்தான் எனக்கு வழக்கு.

இப்போதுள்ள கட்டட விதிகளில், உயரமாகக் கட்ட முடியுமா என்பதைச் சாலையின் அகலம்தான் தீர்மானிக்கிறது. 18 மீட்டர் சாலையில் மனை இருந்தால் உயர்மாடிக்கு முழு எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) கிடைக்கும், குறுகிய தெருவில் கிடைக்காது. தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டுமே, விதியில் தப்பில்லை. ஆனால் விளைந்தது என்ன? கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அதன் நிலையங்களை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலானவை பழைய மனைப்பிரிவுகள், இருபதடி, முப்பதடி. அதனால் ரயிலுக்கு ஐந்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடத்தில் மூன்று மாடி. ரயிலே போகாத வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் அண்ணாந்து பார்க்க வைக்கும் கோபுரங்கள். அங்கே குடிபோனவர் பால் பாக்கெட் வாங்கவும் வண்டியை எடுக்கிறார்.

சரி, நிலையத்துக்குப் பக்கத்தில் எஃப்.எஸ்.ஐ.யை ஏற்றிவிட்டால் போதுமா? தாம்பரம் கிழக்கில் ஏதாவது ஒரு இருபதடித் தெருவுக்குக் காலை ஏழரை மணிக்கு வாருங்கள். தனி வீடுகள் இருந்த மனைகளில் கீழே வண்டி நிறுத்தம், மேலே ஆறு வீடு, எட்டு வீடு. ஒரு முனையில் தண்ணீர் லாரி சம்ப்புக்குள் குழாயை விட்டு நிற்கும். மறுமுனையில் கழிவுநீர் லாரி ரிவர்ஸில் வரும். நடுவில் மாட்டிய பள்ளி வேன் ஹாரனை விடாது. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர். அடர்த்தி ஏற்கெனவே வந்துவிட்டது, யாரும் திட்டம் போடாமலே. முதலில் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வரட்டும். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்கு, அதாவது பணம் கட்டிப் பெறும் கூடுதல் தளப்பரப்புக்கு, வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அதே வட்டாரத்திலேயே செலவாக வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

வீடு மட்டும் அடுக்கினால் அது மையம் ஆகாது. காலையில் கடற்கரை நோக்கிப் போகும் ரயிலில் கால் வைக்க இடமில்லை. எதிர்த்திசையில் உட்கார்ந்தே வரலாம். 1984-ல் தாம்பரம் சானடோரியம் நிலையத்தை ஒட்டி மெப்ஸ் என்னும் ஏற்றுமதித் தொழில் வளாகம் வந்தது. இன்றைக்கும் ஷிஃப்ட் நேரத்தில் ரயிலிலிருந்து இறங்கி அப்படியே நடந்து வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியது. கூடவே அலுவலகங்களும் வர வேண்டாமா?

எதற்கு அப்புறம் எது என்பதற்குக் கிளாம்பாக்கத்தைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையம் திறந்தாயிற்று. அப்போது வாசலில் ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் பிள்ளையுமாக வந்து இறங்கியவர்கள் ஊருக்குள் போக மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேடினார்கள்.

அடர்த்தி கூடாத இடங்களையும் அதே வரைபடத்தில் சிவப்பில் காட்டுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015-ல் அடையாற்று வெள்ளம் எங்கே வரை ஏறியது என்று அங்குள்ளவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் போய் மையம், மண்டலம் என்று பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வரைவுத் திட்டம் வெளியாகும்போது, ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் எந்தத் தெரு அகலமாகும், யார் வீட்டு முன்பக்கம் எவ்வளவு போகும் என்பதைச் சர்வே எண்ணோடு, தமிழில், மண்டல அலுவலகங்களில் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்ல வருவோம். நடைபாதைக்கு மூன்றடி விட்டுக்கொடுங்கள் என்று நீங்கள் கேட்டால், பதிலுக்கு என்ன தருவீர்கள் என்று உட்கார்ந்து பேசவும் வருவோம்.

இப்படிக்கு,
தாம்பரம் கிழக்குவாசி ஒருவன்