விறகு பாய்லர் வாங்குவது சரி, மாட்டுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரண்டு பில்லைக் குறைக்க, குளிக்கத் தண்ணீர் சுட வைக்கும் விறகு பாய்லர் நல்ல வழி என்று உங்கள் நாளிதழில் வந்திருந்த குறிப்பைப் படித்தேன். சொன்னதில் தப்பு இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் விறகுக்கா பஞ்சம்? சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சீமைக்கருவேலம்தான், கரிமூட்டம் போடுகிறவர்கள் வெட்ட வெட்ட அது பின்னாலேயே தழைத்துக்கொண்டு வருகிறது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிற யாத்ரீகர்களுக்கு அறைக்கு அறை வெந்நீர் கொடுக்க வேண்டிய விடுதிக்காரர், இருக்கிற கரண்டு ஹீட்டரோடு ஒரு விறகு பாய்லரையும் சேர்த்து மாட்டிக்கொள்வது நியாயம்தான். இப்போது வீடுகளிலும் மாட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பில் எவ்வளவு மிச்சம் என்று இருந்ததே தவிர, எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இந்தக் கரையோரத்தில் தண்ணீர் லைன் வேலை பார்க்கிறவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

கரண்டு ஹீட்டர் சூடு போதும் என்றால் தானாக அணைந்துவிடும். விறகுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குளிக்கிற ஆள் குழாயை மூடிவிட்டுப் போன பிறகும் உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும், தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கும். சூடான தண்ணீர் பெருகும், கொதித்தால் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அந்த இடத்தை நாம் கொடுக்காவிட்டால் பாய்லர் தானே எடுத்துக்கொள்ளும், சுவரோடு சேர்த்து.

இதற்குத்தான் வென்ட் குழாய். பாய்லரின் உச்சியிலிருந்து கிளம்பி, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்துக்கும் மேலே போய், வாய் திறந்தபடி நிற்க வேண்டும். நடுவில் எங்கேயும் வால்வு இருக்கக் கூடாது. இதில் பலர் செய்கிற வேலை என்னவென்றால், வெந்நீர் தொட்டிக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று குளிர்ந்த தண்ணீர் வருகிற வழியில் தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வைப் போட்டுவிட்டு, வென்ட் குழாயைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டி மூடிவிடுகிறார்கள். பின்னாலும் போக வழி இல்லை, மேலேயும் வழி இல்லை. பிரஷர் பம்ப் வைத்த விடுதிகளில் திறந்த வென்ட் வைக்க முடியாது, அங்கே அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கிற சேஃப்டி வால்வு கட்டாயம். அதன் வெளிவாய்க்குக் கீழே குழாய் வைத்துத் தரைப்பக்கம் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தில் அடிக்கும்.

நம் ஊருக்கென்று இன்னொரு தொல்லை உண்டு, தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கத்தான் காணும், குளிக்கப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான், அதை மறுபடி மறுபடி சூடாக்கினால் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு உட்காரும். வென்ட் குழாயும் சேஃப்டி வால்வும் இதில் அடைத்துக்கொள்ளும். வால்வு மாட்டியிருக்கிறது, அது போதும் என்று இருந்துவிடக் கூடாது. அதன் நெம்புகோலை அவ்வப்போது தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், வென்ட் குழாயில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பாய்லரிலிருந்து வெளியே வருகிற முதல் சில அடிக்கு இரும்பு அல்லது செம்புக் குழாய் போடுங்கள். சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் வெந்நீருக்கு ஆனதுதான், ஆனால் அது தாங்குவது 93 டிகிரி வரைக்கும், விறகுத் தீ அதோடு நிற்காது. சாதா பிவிசி என்றால் பேச்சே வேண்டாம்.

அப்புறம் தொட்டி வற்றுகிற பிரச்சினை. கோடையில் இங்கே அது புதுச் செய்தி இல்லை. பாய்லர் காய்ந்துபோய்ச் சிவக்க எரிந்துகொண்டிருக்கும்போது யாராவது மோட்டார் போட்டுவிட்டால், உள்ளே விழுகிற தண்ணீர் அந்த நொடியே ஆவி. அப்படி ஆகிவிட்டால் முதலில் தண்ணீர் வழியை மூடுங்கள். தீக்குக் காற்று போகிற கதவைச் சாத்தி, முடிந்தால் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தொட்டுப் பார்க்கிற அளவுக்கு ஆறின பிறகுதான் நிரப்ப வேண்டும். தண்ணீரை ஊற்றித் தீயை அணைக்கிறேன் என்று ஓடி வருகிறவரைத் தடுக்க வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

கனடா, அமெரிக்கா போன்ற குளிர் தேசங்களில் வீட்டைச் சூடாக்க எண்ணெயிலோ கேஸிலோ ஓடும் ஃபர்னஸ் இருக்கும், அதற்குப் பக்கத்தில் விறகு ஃபர்னஸ் ஒன்றைச் சேர்த்து வைப்பார்கள். சூடான காற்று ஏற்கெனவே இருக்கிற குழாய்கள் வழியாகவே வீடு முழுக்கப் போகும். நாம் ஹீட்டரோடு விறகு பாய்லரைச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். அங்கே விறகின் புகையைப் பொதுவாக எண்ணெய், கேஸ் ஃபர்னஸின் புகைபோக்கியில் சேர்க்க விடமாட்டார்கள், அதற்குத் தனியாக வேண்டும். கரண்டு போய்க் காற்றாடி நின்றாலும் சூடு தானாக மேலே ஏற ஒரு வழி விட்டிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற அலாரமும் மாட்டுவார்கள். இங்கே சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குள் பாய்லரின் புகைக்குழாயைச் செருகிவிட்டு வேலை முடிந்தது என்கிறோம்.

புகைக்குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும், சுற்றி 10 அடிக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது வெளிநாட்டு விதி. இங்கேயும் அது பொருந்தும், மாடிப்படி ரூமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இங்கே இடைஞ்சல். அவற்றின் மறைவில் நிற்கிற குழாய், மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற ஆடியில் நன்றாக இழுத்துவிட்டு, வாடை திரும்பின கார்த்திகையில் புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளும். ஆகவே உயரமும் வேண்டும், மேலே தொப்பியும் வேண்டும். உப்புக் காற்றில் துத்தநாகம் பூசின மெல்லிய ஜிஐ இரும்புக் குழாய் சீக்கிரம் ஓட்டை விழும், அதோடு பாய்லரை ஒட்டிய பகுதியில் சூடு ஏறினால் அதன் துத்தநாகப் பூச்சே கழன்று புகையும். 316 ரக எவர்சில்வர் நிற்கும், விலைதான் கசக்கிறது. என்னைக் கேட்டால் தடித்த இரும்புக் குழாய் போட்டு, வருஷா வருஷம் தட்டிப் பார்த்து, சத்தம் மாறினால் மாற்றிவிடுவது நம் கைக்கு அடங்கும்.

ஓலைக் கொட்டகைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் தீப்பிடிக்கிற பொருளுக்கும் நடுவில் 18 அங்குலம், பாய்லருக்கு 3 அடி என்று கணக்குச் சொல்வார்கள், ஓலைக்கு அந்தக் கணக்கும் போதாது, ஒரு பொறி போதும். கேஸ் சிலிண்டரும் பக்கத்தில் வேண்டாம்.

என்ன எரிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டின பச்சைக் கருவேலத்தைப் போட்டால் சூட்டில் ஒரு பகுதி அதிலுள்ள ஈரத்தை விரட்டவே போய்விடும், புகை ஆறிப்போய்க் குழாயின் உள்சுவரில் தார் மாதிரி ஒட்டும். அந்தத் தார் ஒருநாள் பற்றினால் குழாய்க்குள்ளேயே தீ பிடித்து உறுமும். மழைக்கு முன்னாலேயே பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி வையுங்கள். கரையோரத்தில் இன்னொரு வழக்கம், உடைந்த வள்ளத்தின் பலகையைப் போட்டு எரிப்பது. காசு இல்லாமல் கிடைக்கிற விறகு என்று சந்தோஷப்படாதீர்கள். அதில் பல வருஷப் பெயிண்ட், பாசி பிடிக்காமல் இருக்கப் பூசின மருந்து, சில நேரம் ஃபைபர் ஒட்டு, எல்லாம் இருக்கும், புகை விஷம். கடல் தண்ணீர் ஊறின மரம் எதுவானாலும் அதன் உப்பு பாய்லரின் இரும்பையும் குழாயையும் அரிக்கும். அதை எரிக்கவே வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மார்கழியில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாய்லர் இருக்கிற அறைக்கு அடுத்த அறையில் படுத்தவர்களுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல், எல்லோரையும் வெளியே கூட்டி வந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் கங்கைச் சட்டியில் அள்ளிக் குளிருக்கு அறைக்குள் வைப்பதும் இதே வில்லங்கம்தான். சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள், அடியில் இருக்கிற கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் வாளியும் சாக்கும் ஆகாது.

அடுத்த முறை பாய்லர் பற்றி எழுதினால் விலையோடு இதையும் போடுங்கள் ஐயா. வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், வென்ட் குழாயும் சேஃப்டி வால்வும் விலையில் சேர்த்தியா என்று பட்டறையில் முதலிலேயே கேளுங்கள், மாட்டி முடித்த பிறகு தண்ணீர் நிரப்பி, தீ மூட்டி, குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது சூடு எங்கே போகிறது என்று காட்டச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
பாம்பன்.