பானையும் படிவமும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். வீட்டில் அவளுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறுகிறாள்.

லண்டனில் தான் நிரப்பவேண்டிய படிவத்தில் ‘எத்னிக் குரூப்’ என்றிருப்பதைப் பார்த்துவிட்டு உன் பேரன் அர்த்தம் கேட்டதாக எழுதியிருந்தாய். என் பேத்தியும் அதே சொல்லோடு வந்து நின்றாள். கல்லூரியில் ‘எத்னிக் டே’யாம். பாட்டியின் பழைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். நேரு வீதித் துணிக்கடைப் பலகையிலும் ‘எத்னிக் வேர்’தான். “தாத்தா, அப்போ ஜீன்ஸ் போடுற அன்னிக்கு நான் எத்னிக் இல்லையா?” என்று கேட்டாள். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு.

மூலம் கிரேக்கத்து ‘எத்னோஸ்’. மக்கள் கூட்டம் என்று பொருள். யூதர்களின் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பிற மக்களைக் குறிக்க அதைக் கையாண்டார்கள். அந்த வழியாக வந்ததால் ஆங்கிலத்தில் முதலில் ‘பிறசமயத்தான்’ என்றே அர்த்தம். மொழி, வழக்கம், வேர் இவற்றைப் பகிர்ந்து வாழும் மக்களைச் சேர்ந்தது என்ற இன்றைய பொருள் பிற்பாடு வந்தது. பழைய வாடை மட்டும் போகவில்லை. வெள்ளைக்காரர் ‘எத்னிக் உணவு’ என்றால் அது அடுத்தவர் சாப்பாடு. தன் வீட்டு ரொட்டியை அப்படிச் சொல்லமாட்டார். நம் புடவையை நாமும் அதே கண்ணால் பார்க்கிறோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

தமிழில் ‘இனம்’ என்கிறோம். அதில் ‘ரேஸ்’ என்பதும் கலந்துவிடுகிறது. ரத்தமும் தோல்நிறமும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. ‘சிற்றினம் சேராமை’ என்ற வள்ளுவருக்கு இனம் என்பது கூடிப் பழகும் கூட்டம். எனக்கென்னவோ எத்னிக்குக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது.

1962-ல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது உன் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அடுத்தடுத்த வீட்டில் இரண்டு நாட்டார் ஆனோம். பொங்கல் பானை இரண்டு வாசலிலும் ஒரே நாளில்தான் பொங்கியது. இரண்டு அம்மாக்களும் நம்மைத் திட்டியதும் ஒரே தமிழில்தான். பேரனுக்கு அந்தக் கதையைச் சொல், அர்த்தம் தானே விளங்கும்.

நீ இருக்கும் பிரான்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கேள்வியே கிடையாது. இங்கிலாந்தில் 1991 முதல் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் வெள்ளைக்காரருக்கும் கட்டம் உண்டு, அதை அவனுக்குக் காட்டு. ‘இந்தியன்’ என்றும் ஒரு கட்டம், வேறு எனில் எழுதிக்கொள்ளவும் இடம். அவன் எதை நிரப்பினான் என்று எழுது. பேத்தி கேட்கச் சொன்னாள்.

உன்
பக்கத்து வீட்டுக்காரன்