ஐசக் ஸ்டீபன்சன் வாழ்க்கை நூல்: படத்துக்கும் அச்சுக்கும் நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

மரக்காட்டு வேலையில் தொடங்கி அமெரிக்க செனட் வரை போனவர் ஐசக் ஸ்டீபன்சன். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். 240 பக்கம், பதினாறு பக்கத் தாள்மடிப்பாக 15 பாரம். படங்களும் பிழைத்திருத்தமும் அச்சும் பாக்கி.

இன்று கனடாவில் உள்ள, அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூ பிரன்ஸ்விக்கில் 1829இல் பிறந்தார். 1845இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் வந்து, 1858 முதல் மெனாமினி ஆற்று முகத்திலுள்ள மேரினெட்டில் மரத் தொழில் நடத்தினார். 1883 முதல் 1889 வரை பிரதிநிதிகள் சபை, 1907 முதல் 1915 வரை செனட். இவ்வளவும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். தொழிலை விளக்கத்தான் இந்த நூல்.

பனிக்காலத்தில் பைன் மரத்தை வெட்டி, தண்ணீர் தெளித்து உறையவைத்த பாதையில் சறுக்குவண்டியில் இழுத்து, ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். பனி உருகி வெள்ளம் வந்ததும் தடிகளை ஆற்றில் உருட்டிவிடுவார்கள். பல கம்பெனித் தடிகள் ஒரே ஆற்றில் கலந்து வரும். எது யாருடையது? இரும்புச் சுத்தியலில் புடைத்த எழுத்தைத் தடியின் வெட்டுமுகத்தில் அடிப்பார்கள், அதுவும் ஒரே இடத்தில் அல்ல, பல இடங்களில். மிதக்கும் தடி எப்படிப் புரண்டாலும் ஒரு குறியாவது தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். கீழே மிதவை வேலியில் ஆட்கள் நீளக் கழியால் தள்ளி, குறி பார்த்துப் பிரிப்பார்கள். இதை வார்த்தையில் சொன்னால் பாதிதான் புரியும், அதனால்தான் 13 கோட்டுப்படங்களும் வரைபடங்களும்.

அளவிலும் கவனம் தேவை. அங்கே பலகைக் கணக்கு ஓரடிக்கு ஓரடி, ஓரங்குலக் கனம். நம் மரக்கடைக் கணக்கில் 12 சேர்ந்தால் ஒரு கன அடி. ஆனால் உருட்டுத் தடிக்கு எழுதிய கணக்கை 12ஆல் வகுத்தால் தப்பு. அறுப்பில் வீணாகும் மரத்தை முன்பே கழித்துத்தான் அந்த அளவைப் போட்டார்கள். எனவே மூல அளவை அப்படியே வைத்து, அறுத்த பலகைக்கு மட்டும் கன அடி தருகிறோம்.

கசப்பான பகுதிகளையும் விடவில்லை. அந்தக் காடுகளை அங்கே வாழ்ந்த மெனாமினி பழங்குடி மக்கள் 1836 ஒப்பந்தத்தில் இழந்தது ஒரு அத்தியாயம். 1871 அக்டோபர் 8 இரவு, வெட்டிப்போட்ட கழிவும் வறட்சியும் காற்றும் சேர்ந்து பெஷ்டிகோ ஊரை எரித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது இன்னொன்று. ஸ்டீபன்சன் பங்குதாரராக இருந்த கம்பெனியின் தொழிற்சாலையும் அதில் போனது. செனட்டுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 1908 முதனிலைத் தேர்தலில் அவர் செலவழித்த 1,07,793 டாலரும், அதன்மேல் செனட் நடத்திய விசாரணையும் விரிவாக வருகின்றன. 1912இல் விசாரணை முடிந்து, அவர் பதவி பறிபோகாமல் நிலைத்தது.

செலவு: படம் ஒன்றுக்கு ₹4,000 வீதம் ₹52,000. இரண்டு சுற்றுப் பிழைத்திருத்தம் ₹24,000. 500 படி அச்சு, படிக்கு ₹170 வீதம் ₹85,000. 300 நூலகங்களுக்குத் தபால் ₹18,000. மொத்தம் ₹1,79,000. கையில் ₹61,000 இருக்கிறது. தேவை ₹1,18,000.

₹230 தந்தால் ஒரு நூலகத்துக்கு ஒரு படி போய்ச் சேரும். ₹4,000 தந்தால் ஒரு படம் உங்கள் பொறுப்பு. படங்களுக்கான பணம் முதலில் வேண்டும். பக்கம் கட்டிய பிறகு படம் வந்தால் வரிகள் நகர்ந்து பதினாறாவது பாரம் விழும், அச்சுக்கூலியும் தாளும் ஏறிவிடும்.

மின்னூல் எல்லோருக்கும் இலவசம். பணத்தோடு பெயர், ஊர், தபால் முகவரி எழுதுங்கள், ரசீது வரும். பெயர் அச்சாக வேண்டாமென்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வரவு செலவுக் கணக்கு நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும்.

இப்படிக்கு,
வெளியீட்டுக் குழுவினர்