அணிலுக்கு ஒன்றும் தெரியாது

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அப்புறம் நேரம் பார்த்துப் பார்த்துச் சொட்டு மருந்து என்று நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம். தெரிய ஆரம்பித்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு எனக்கு விழுந்த திட்டைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

உனக்குச் சங்கரன்கோவில் பக்கமே மாற்றல் கிடைத்தது நல்லதாயிற்று. ரெண்டு பஸ் மாறுகிற பாடு ஒன்றோடு முடிந்தது. வகுப்பில் நீ கையில் மாட்டிக்கொண்டு பாடம் சொல்கிற சாக்ஸ் பொம்மையின் காது பிய்ந்துபோன கதையை ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரிப்பதற்காக மட்டும் இல்லை. பொம்மையை வைத்துப் பாடம் சொல்வதுதான் இப்போது எங்கள் பிழைப்பும்.

நாலாம் வகுப்புக் கணக்கு, பின்னங்கள். பிள்ளை ஆன்லைனில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். கூடவே ஒரு கார்ட்டூன் அணில் இருந்து சொல்லிக்கொடுக்கும். வசனம் என் பொறுப்பு. ஆனால் முதல் பத்து நாள் மீட்டிங் பூராவும் அணிலின் வாலைப் பற்றித்தான் பேச்சு. வால் எவ்வளவு புசுபுசுவென்று இருக்கலாம், என்ன நிறம், கண் எவ்வளவு பெரிசு. முதுகில் மூன்று கோடு போட்டவுடன் ஒருவர் ராமர் கதையை ஆரம்பித்தார், அதிலேயே அரை மணி நேரம் போயிற்று. அணில் என்ன பேசும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கடுப்பில்தான், இப்படிப் பொம்மை வாத்தியார்களை நமக்கு முன்னால் யார் செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். 1990களிலேயே அமெரிக்காவில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் லெஸ்டர் என்பவரின் குழு ஹெர்மன் என்று ஒரு பூச்சியைச் செய்திருக்கிறது. பாடம் செடிகளைப் பற்றியது. இன்ன மாதிரி சூழலில் பிழைக்கிற செடிக்கு எந்த வேர், எந்தத் தண்டு, எந்த இலை என்று பிள்ளை பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஹெர்மன் செடியைச் சுற்றிப் பறந்து, உள்ளே நுழைந்து, விளக்கம் சொல்லும். 1997இல், 100 நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்ததை எழுதினார்கள். பிள்ளைகளுக்குப் பூச்சியை ரொம்பப் பிடித்திருந்தது. மீட்டிங்கில் நான் இதுவரை சொல்லும்போது எங்கள் மேனேஜர் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சத்தையும் சொன்னேன். ரோக்ஸானா மொரேனோ, ரிச்சர்டு மேயர் என்று இரண்டு உளவியல்காரர்கள், லெஸ்டரையும் சேர்த்துக்கொண்டு, அதே பூச்சியை வைத்து இன்னும் சில சோதனைகள் செய்து 2001இல் வெளியிட்டார்கள். படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கவிட்டார்கள். கேட்டவர்கள் கற்றதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குரலை எடுத்துவிட்டு அதே வசனத்தைத் திரையில் எழுத்தாகப் போட்டபோதுதான் சறுக்கியது.

இதைக் கேட்டதும் எங்களுக்கு வரைகிற தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ வால் வேண்டாமாக்கா?" என்றான். வேண்டும்டா, ஆனால் அணில் கை நீட்டிக் காட்டத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதில்லை. எந்தத் துண்டைப் பார்க்க வேண்டும் என்று சரியான நேரத்தில் சுட்டினால் அணில் இருப்பதில் அர்த்தம் உண்டு. சும்மா வாலை ஆட்டிக்கொண்டிருந்தால் பிள்ளையின் கண் வாலோடு போய்விடும், பின்னம் அம்போ.

அதன் பிறகு வாலை விட்டுக் குரலுக்கு வந்தோம். வம்பு அங்கேதான் காத்திருந்தது. மேயரின் இன்னொரு சோதனை 2004இல் வந்தது. மூச்சு விடுவது எப்படி என்ற பாடத்தில், வெறும் நுரையீரல் என்று இருந்த இடங்களில் 'உன் நுரையீரல்' என்று மாற்றினார்கள். அவ்வளவுதான் மாற்றம். அப்படிக் கேட்டவர்கள் கற்றதைப் புதுக் கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் தேறினார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது. நமக்கு அப்படியா? 'நாம் இப்போது பின்னங்களைப் பற்றிக் காண்போம்' என்று அணில் தொடங்கினால் அது அணில் இல்லை, செய்தி வாசிப்பவர். பேச்சுத் தமிழ் என்று முடிவு செய்தால், எந்த ஊர்ப் பேச்சு? குரல் கொடுக்கிற பெண் மதுரைக்காரி. 'அங்கிட்டு பாரு' என்று இயல்பாகச் சொன்னாள். எனக்குக் காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து சரிபார்க்கும் டீச்சர் அதை அடித்துவிட்டார். அதோடு, பிள்ளையை 'நீங்க' என்று கூப்பிடச் சொன்னார். அவர்கள் பக்கம் மூன்று வயசுக் குழந்தையையும் 'வாங்க கண்ணு' என்பார்களாம். இங்கே ஒரு அணில் நாலாவது படிக்கிற பயலை 'வாங்க' என்றால், நக்கல் பண்ணுகிறது என்றுதான் நினைப்பான்.

கடைசியில் 'நீ' நின்றது, 'அங்கிட்டு' போனது. திரையில் 'இரண்டு' என்று எழுத்து வரும், அணில் 'ரெண்டு' என்று சொல்லும். புத்தகத்தை அப்படி வாசித்து இப்படி விளக்குவதை நீ தினமும் வகுப்பில் செய்கிறாய். மீட்டிங் போட்டா செய்கிறாய்?

நாம் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கப் பழகியபோது திரையின் மூலையில் ஒரு காகித கிளிப் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? 'கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறது' என்று தானாக வந்து விசாரிக்கும். அதைக் கண் சிமிட்ட வைப்பதற்காகவே நீ சீக்கிரம் வருவாய். ஆபீஸ் 97இல் வந்தது, ஆபீஸ் 2007இல் இல்லாமல் போயிற்று. கூப்பிடாமல் வருகிற விருந்தாளியை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? அதனால் எங்கள் அணிலுக்கு நான் போட்ட முதல் விதி: பிள்ளை யோசிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. மேனேஜருக்கு இது இன்னும் செரிக்கவில்லை. சும்மா நிற்கிற பொம்மைக்கு எதற்குக் காசு என்கிறார்.

தங்கச்சி மகன் ஒரு ஆப்பில் கணக்குப் போடுகிறான். பேர் வேண்டாம். அதில் ஒரு முயல், எதைத் தொட்டாலும் கை தட்டுகிறது. தப்பு என்றால் 'பரவாயில்லை, சூப்பர்!'. அவன் இப்போது கணக்கைப் படிப்பதே இல்லை. நாலு விடையையும் வரிசையாகத் தட்டுகிறான், முயல் நாலு தடவை குதிக்கிறது. ஆனால் அவனே, கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்பு ஆப்பில் இருக்கும் தியா என்ற பெண் பொம்மைக்குத் தமிழ்க் கதை வாசித்துக் காட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்தான். 2019இல் 'போலோ' என்ற பெயரில் வந்தது அது. அந்த வருடமே தமிழும் சேர்ந்தது. பிள்ளை சத்தமாக வாசிக்க, தியா கேட்டுக்கொண்டிருக்கும். தடுக்கினால் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும். அவள் பேசுவது கொஞ்சம், கேட்பது நிறைய. எனக்கு அது பிடித்தது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக வாயே திறக்காத பையன், உன் சாக்ஸ் பொம்மை 'ற'வையும் 'ர'வையும் மாற்றிச் சொன்னதும் எழுந்து வந்து அதன் காதைப் பிடித்துத் திருகினான் என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் நான் நிமிர்ந்தேன். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டி என்று ஒரு கார்ட்டூன் பெண் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளைதான் கற்றுத்தர வேண்டும். ஆற்றில் பாசி என்ன செய்கிறது, மீன் என்ன செய்கிறது, தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் எதனால் கூடும், எதனால் குறையும் என்று கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்துக் காட்ட வேண்டும். அப்புறம் பெட்டி பரீட்சை எழுதுவாள். சொல்லிக்கொடுத்தது தப்பு என்றால் அவளும் தப்பாகவே எழுதுவாள். 2009இல் ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தனக்காகப் படிப்பதைவிட இப்படி ஒரு பொம்மைக்காகப் படிக்கும்போது பிள்ளைகள் அதிகம் மெனக்கெடுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். உன்னிடம் காது பிய்ந்த சாட்சியே இருக்கிறது.

ஆகவே அணிலை வாத்தியார் வேலையிலிருந்து தூக்கிவிட்டேன். முதல் பாடத்தை மட்டும் அப்படி எழுதிப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரு கொய்யாவில் பாதி, இன்னொன்றில் கால் துண்டு. அணில் கால் துண்டை எடுத்துக்கொண்டு, 'ரெண்டைவிட நாலுதானே பெருசு? அப்போ நாலுல ஒண்ணுதான் பெருசு' என்று கெத்தாகச் சொல்லும். பிள்ளை அதைத் திருத்த வேண்டும்.

இதற்கு உன் பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். நானே எழுதினால் பெரிய மனுஷி பேச்சாகிவிடுகிறது. ஒரு நாள் மத்தியானம் அந்தச் சாக்ஸை மாட்டிக்கொண்டு இதே தப்பைச் சொல்லிப் பார்த்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு. திட்டினால் அதையும் எழுது. முதலில் காதைத் தைத்துவிடு, கறுப்பு நூல் வேண்டாம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். வரும்போது கருப்பட்டி வாங்கி வரச் சொல்கிறாள், போன தடவை வாங்கிய அதே கடையில்.

அன்புடன்,
விஜி